செயற்கை மனிதரும் உழைப்பாளரும்

மனிதனுக்கும் எந்திரத்துக்கும் இடையே இருந்த எல்லை மங்கி வருகின்றது என்னும் கூற்று இன்று பலராலும் எடுத்தாளப்படுகின்றது. எந்திரம் பேசுகின்றது, எழுதுகின்றது, ஓவியந் தீட்டுகின்றது. ஆகவே மனிதன் என்பவன் யாவன் என்ற வினாவை அறிஞர் மீண்டும் எழுப்புகின்றனர். வினா தவறானதன்று. ஆயின் அது எழுப்பப்படும் முறையில், மழைநீர் பட்ட மைக்கோடு போல இவ்வெல்லை தானாகவே கரைகின்றது என்னும் எண்ணம் தொனிக்கின்றது. அதனை அழிப்பவர் யார், எத்தேவை கருதி அழிக்கின்றனர் என்பன கேட்கப்படுவதில்லை. நூறாண்டுகளுக்கு முன்னரே இவற்றைக் கேட்ட நாடகம் ஒன்றுண்டு. செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்டு, 1921 சனவரி 25 இல் பிராக் தேசிய அரங்கில் மேடையேறிய ‘ஆர்.யூ.ஆர்.’ என்பதே அது. ‘றோபோ’ என்ற சொல்லை உலகுக்கு வழங்கிய நாடகம் என்ற அளவில் அதனைப் பலர் அறிவர், படித்தவர் சிலரே.

அச்சொல்லிலிருந்தே தொடங்கலாம். இலத்தீனில் உழைப்பைக் குறிக்கும் சொல்லினடியாகத் தம் பாத்திரங்களுக்குப் பெயரிட முதலில் எண்ணிய சாப்பெக், அதில் ஏட்டு வாடை வீசுவதாகக் கருதி, ஓவியரான தம் தமையனார் யோசெப்பிடம் யோசனை கேட்டார். அவர் வாயிற் பிறந்ததே ‘றோபோ’. செக் மொழியில் ‘றொபோட்டா’ என்பது நிலவுடைமையாளனுக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்துகொடுக்க வேண்டியிருந்த உழைப்பு. ஆஸ்திரியப் பேரரசில் அது 1848 இலேயே ஒழிக்கப்பட்டது. 1832 இல் ஒழிக்கப்பட்ட நம் நாட்டு இராசகாரிய முறையை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சோழர் காலச் சாசனங்களில் ‘வெட்டி’ எனப்படுவதும் இத்தகைய ஊதியமற்ற உழைப்பே. (அச்சொல் இன்று பயனற்ற வேலையைக் குறிக்க வந்திருப்பது தனியே ஆராயத்தக்கது.) தமிழில் ‘எந்திர மனிதன்’, ‘எந்திரன்’ என நாம் வழங்கும்போது எந்திரம் எஞ்சுகின்றது, உழைப்பு மறைந்துவிடுகின்றது. சாப்பெக்கின் றோபோக்கள் இரும்பாலானவை கூட அல்ல. செயற்கை உயிர்ப்பொருளால் ஆக்கப்பட்டு, தோற்றத்தில் மனிதரை முற்றும் ஒத்தவை அவை.

இவ்வொப்புமையே நாடகத்தின் முதற் காட்சிக்கு உயிரூட்டுகின்றது. றோபோக்களுக்கு உரிமை தேடி ஹெலனா என்னும் பெண் தொழிற்சாலைத் தீவுக்கு வருகின்றாள். முகாமையாளன் டொமின், சுல்லா என்ற றோபோவை அவளுக்குக் காட்டுகின்றான். சுல்லா ஓர் இளம்பெண்ணே என்று ஹெலனா சாதிக்கின்றாள். றோபோ என நம்ப மறுக்கின்றாள். சற்று நேரத்தில் தொழிற்சாலையின் பொறியியலாளரும் ஏனைய அதிகாரிகளும் வருகின்றனர். அவர்களை றோபோக்கள் என்று எண்ணி, உங்களை விடுவிக்க வந்தேன் என்கின்றாள். பார்வையாளர் சிரிக்கின்றனர். ஆயினும் இது வெறும் நகைச்சுவைக் காட்சியன்று. இளைய றொஸ்ஸம் செய்தது யாது என்பதை டொமின் சற்று முன்னரே விளக்கியிருக்கின்றான். முதிய றொஸ்ஸம் மனிதனைப் படைக்க முயன்ற ஆராய்ச்சியாளன், இளையவனோ பொறியியலாளன். உலாவப் போதல், இசைத்தல், மகிழ்தல் என வேலைக்கு உதவாதன யாவற்றையும் மனிதனிலிருந்து கழித்தான் அவன். எஞ்சியது மலிவான தொழிலாளி. எந்திரம் மனிதனாக உயரவில்லை. மனிதனைக் குறைத்துக் குறைத்து அவ்விடத்துக்குக் கொண்டுவந்தனர். எல்லை மங்கியது இவ்வாறே.

சாப்பெக் இதனை வெறுங் கற்பனையாற் கண்டவரல்லர். தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரங் கொண்டு அளக்கும் டெய்லரின் நூல் 1911 இல் வெளிவந்தது. போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் நகரும் பொருத்துவரிசை 1913 இல் இயங்கத் தொடங்கிற்று. தொழிற்சாலையில் தொழிலாளி கருவியைப் பயன்படுத்தவில்லை, எந்திரமே அவனைப் பயன்படுத்துகின்றது என்பதை மார்க்ஸ் 1867 இலேயே காட்டிவிட்டார். சாப்பெக் அவ்வுண்மைக்கு மேடையில் உடல் கொடுத்தார். றோபோவுக்கு வலியுணர்ச்சி ஊட்ட வேண்டும் என்று ஒரு பாத்திரம் கூறும் இடம் நம்மை உலுக்குவது. வலி அறியாத றோபோ தன் கையை எந்திரத்தில் விட்டு நசுக்கிக்கொள்கின்றது. அதனால் தொழிற்சாலைக்கு நட்டம். ஆதலின் வலி தேவை. கருணைக்கு அங்கே இடமில்லை. இன்றைய நிலை இதன் மறுதலை. 2023 சனவரியில் ‘டைம்’ இதழ் வெளியிட்ட செய்தியின்படி, சாட்ஜிபிடி நச்சுப் பேச்சை இனங்கண்டு விலக்கும்பொருட்டு, வன்முறையையும் பாலியற் கொடுமையையும் விவரிக்கும் பந்திகளை வாசித்து வகைப்படுத்தும் வேலை கென்யத் தொழிலாளரிடம் விடப்பட்டிருந்தது. கையிற் கிடைத்த கூலி மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவு. எந்திரத்துக்கு வலியில்லை, அதன் பொருட்டு வலியை வேறொருவர் வாங்கிக்கொள்கின்றார்.

எனினும் நாடகத்தின் குறைகளை மூடி மறைத்தல் திறனாய்வாகாது. றோபோக்களால் வேலையிழந்த தொழிலாளர் கிளர்ந்தெழுந்து அவற்றை உடைத்ததும், பின்னர் றோபோக்களின் கையில் ஆயுதம் கொடுக்கப்பட்டதும் வாய்ச்செய்தியாக மட்டுமே வருகின்றன. மேடையில் ஒரு தொழிலாளி கூட இல்லை. தன் கையாற் கல் அடுக்கும் அல்கிஸ்ட் என்ற கட்டடக் கலைஞன் ஒருவனை மட்டும் கிளர்ச்சிக்காரர் உயிரோடு விடுகின்றனர். தம்மைப் போல உழைப்பவன் என்பது காரணம். அருமையான இடம் அது. ஆயினும் அதன் பின்னர் ஆசிரியர் தளர்ந்துவிடுகின்றார். வென்ற றோபோக்கள் உற்பத்தியைப் பெருக்குகின்றன; பொருளைக் குவிக்க இடமில்லை; யாருக்காக என்ற கேள்விக்கு விடையுமில்லை. உடைமை யாருடையது என்ற வினா இங்கே எழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஆண் றோபோ ஒன்றும் பெண் றோபோ ஒன்றும் காதல் கொள்ள, அல்கிஸ்ட் அவற்றை ஆதாம் ஏவாள் என வாழ்த்தி அனுப்புகின்றான். தாம் ஏன் பொதுவுடைமையாளரல்லர் என்று 1924 இல் கட்டுரை எழுதியவர் சாப்பெக். சமூகச் சிக்கலுக்கு அவர் தந்த விடை ஓர் அற்புத நிகழ்ச்சியே. 2010 இல் வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படமோ அற்புதத்தோடே தொடங்குகின்றது: அங்கே சிட்டிக்கு உணர்ச்சி பிறந்ததும் கதை ஒரு பெண்ணுக்கான போட்டியாகச் சுருங்கிவிடுகின்றது.

நம் பாடசாலைகளில் இந்நாடகத்தை மேடையேற்ற விரும்புவோர் தகர உடையையும் விறைத்த நடையையும் தவிர்க்க வேண்டும். சுல்லா உண்மைப் பெண்ணாகவே தோன்றினாலன்றி முதற் காட்சி பயன் தராது. நேரங் கருதி வெட்ட வேண்டியிருப்பின் இறுதிக் காதற் காட்சியைக் குறைக்கலாம்; டொமினின் புதிய திட்டத்தை மட்டும் வெட்டலாகாது. நாட்டுக்கொரு தொழிற்சாலை அமைத்து, வேறு வேறு நிறமும் வேறு வேறு மொழியும் உடைய றோபோக்களை ஆக்கி, அவை ஒன்றையொன்று என்றும் வெறுக்கும்படி செய்தால், அதன்பின் அவை ஒன்றுசேர்ந்து கிளர்ந்தெழா என்று அவன் சொல்லும் இடம் அது. நம் நாட்டுப் பார்வையாளருக்கு அவ்விடத்தில் உரையாசிரியர் எவரும் தேவைப்படார்.