தாமார் தங்கிய வீடு: தென்னாப்பிரிக்க வேதபாட முறை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

இரண்டாம் சாமுவேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரம் ஆலயத்தில் வாசிக்கப்பட்டுக் கேட்டவர்கள் நம்முள் மிகச் சிலரே. 1992இல் வெளிவந்து பல நாட்டுத் திருச்சபைகள் கையாளும் பொதுத் திருமறை வாசக அட்டவணை, நாத்தான் தாவீதைக் கடிந்துகொண்ட பகுதியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அப்சலோமின் சாவுக்குத் தாவிவிடுகிறது. அப்சலோமின் பகை எங்கே தொடங்கிற்று என்பதை அறியாமலே சபையார் தாவீதின் புலம்பலைக் கேட்டு மனமுருகுகின்றனர். இடையில் விடுபட்டவள் தாமார்.

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரிலுள்ள உஜாமா மையத்தார் 2000ஆம் ஆண்டில் இவ்வதிகாரத்தையே அடிப்படையாகக் கொண்டு தாமார் இயக்கத்தைத் தொடங்கினர். திருமறை அறிஞர் ஜெரல்டு வெஸ்ட், பும்சிலே சோண்டி-மபிசெலா முதலியோர் இதில் முன்நின்றனர். பின்னர் இது கென்யாவிற்கும் பரவிற்று. அருளுரை செய்வது இவர்கள் முறையன்று. கேள்வி கேட்பதே முறை. பகுதியை உரக்க வாசித்தபின், கதைமாந்தர் யாவர், இக்கொடுமையில் ஒவ்வோர் ஆணின் பங்கும் யாது, தாமார் எவ்வாறு எதிர்வினை ஆற்றுகிறாள், கடவுள் எங்கே இருக்கிறார் என வினவுகின்றனர். பிறகு, உங்கள் ஊரில் தாமாரைப் போன்ற பெண்கள் உண்டா, அவர்களுக்கு அருகில் கிடைக்கக்கூடிய உதவிகள் யாவை என்ற கேள்விகளுக்கு வருகின்றனர்.

ஒவ்வோர் ஆணின் பங்கும் யாது என்னும் கேள்வியே இம்முறையின் உயிர்நாடி என்பது நமது கருத்து. அம்னோனைப் பழித்துவிட்டு அதிகாரத்தை மூடிவிடுவது எளிது. ஆனால் அம்னோன் தனித்து நின்று இதனைச் செய்யவில்லை. வழி சொல்லிக் கொடுத்தவன் யோனதாப், தாவீதின் தமையன் மகன். ஆளனுப்பித் தாமாரை அவ்வீட்டிற்குப் போகச் சொன்னவன் அரசனாகிய தகப்பன். வெளியே போகச் சொன்னதும் அறையிலிருந்த அனைவரும் ஒரு சொல்லும் சொல்லாமல் போயினர். எல்லாம் முடிந்தபின் அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டவன் ஒரு வேலைக்காரன். அவனுக்குக் கட்டளையிடும்போது அம்னோன் அவளைப் பெயரிட்டுக் குறிக்கவில்லை. எபிரேய மூலத்தில் 'இவளை' என்ற ஒரு சுட்டுச்சொல்லே நிற்கிறது. மொழிபெயர்ப்புகள் சில 'பெண்' என்ற சொல்லைச் சேர்த்து அவனுக்கு இல்லாத மரியாதையை அளிக்கின்றன!

தாவீதைப் பற்றிய வசனத்தை மாணவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். இருபத்தோராம் வசனத்தில் வழக்கமான எபிரேய பாடம், அரசன் மிகவும் கோபங்கொண்டான் என்பதோடு நின்றுவிடுகிறது. கிரேக்க செப்துவஜிந்த் மொழிபெயர்ப்போ, அம்னோன் தலைப்பிள்ளை ஆதலால் அவனிடத்தில் அன்புகூர்ந்து அவன் மனத்தை நோகடிக்கவில்லை எனக் காரணத்தையும் சேர்த்துரைக்கிறது. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுருளும் இந்நீண்ட பாடத்திற்குச் சான்றாகிறது. எது மூலபாடம் என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. எதனை ஏற்பினும் தாவீதின் செயல் ஒன்றே: கோபங்கொண்டான், ஒன்றும் செய்யவில்லை. கோபம் மகளுக்கு, அன்பு மகனுக்கு என்று பங்கிட்ட தகப்பன்மாரை நம் சபைகளிலும் காண்கிறோம்.

ஆயினும் இவ்வியக்கத்தின் பாடத்தில் நாம் இன்னும் நெடுநேரம் தங்க விரும்புவது அப்சலோமிடத்தில். வாசகர் பலர் அவனை நல்ல அண்ணன் என்றே எண்ணுகின்றனர். வீட்டில் இடம் கொடுத்தான், பழியும் வாங்கினான் அல்லவா? ஆனால் அவன் தங்கைக்கு முதலாவது கூறிய அறிவுரை, பேசாமலிரு என்பதே. அவன் உன் சகோதரன், இதை மனத்தில் வைக்காதே என்பது அடுத்தது. தாமாரோ இவ்வதிகாரம் முழுவதிலும் பேசியவள். இஸ்ரவேலில் இது தகாது என்றாள். என் நிந்தையை எங்கே கொண்டுபோவேன் என்றாள். அரசனிடம் கேள் என்றாள். துரத்தப்பட்டபோதும் இரண்டாம் தீங்கு முந்தினதிலும் பெரிதென்று வாதாடினாள். சாம்பலைத் தலையில் போட்டு, நீண்ட அங்கியைக் கிழித்து, தெருவிலே ஓலமிட்டுச் சென்றாள். (அவ்வங்கியைக் குறிக்கும் எபிரேயத் தொடர் பழைய ஏற்பாட்டில் யோசேப்பின் அங்கிக்கன்றி வேறெதற்கும் வரவில்லை, இருவரும் உடன்பிறந்தோரால் கெடுக்கப்பட்டவர்கள்.) இவ்வளவு பேசியவள் அண்ணன் வீட்டிற்குள் நுழைந்தபின் ஒரு சொல்லும் பேசவில்லை. அங்கே அவள் நிலையைக் குறிக்கும் எபிரேயச் சொல், பாழான நிலத்திற்கும் பாழான நகரத்திற்கும் வழங்கும் வேர்ச்சொல்லினின்று வந்தது.

அப்சலோம் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து அம்னோனைக் கொல்வித்தான். அதனைத் தாமார் கேட்டாளா? கேட்டதாகத் திருமறையில் இல்லை. அவள் துயரம் அவனுடைய வழக்காயிற்று. பின்னர் எருசலேமைக் கைப்பற்றியபோது, தங்கைக்காகக் கொலை செய்த இவனே, தகப்பன் விட்டுச்சென்ற மறுமனையாட்டிகள் பத்துப் பேரிடத்தில் எல்லாரும் காண நடந்துகொண்டதை நூலின் பதினாறாம் அதிகாரம் சொல்கிறது. திரும்பி வந்த தாவீது அப்பத்துப் பெண்களுக்கும் வீடும் உணவும் கொடுத்து, சாகுமட்டும் அடைத்துவைத்தான். தங்குமிடம் கொடுப்பதும் ஆதரவு கொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான திருமறைச் சான்று நமக்கு வேண்டுவதில்லை.

நமது குருமனைகளில் நடப்பதை இவ்வொளியில் நோக்குவோமாக. கணவன் அடித்தான் என்று ஒரு பெண் வந்தால் தேநீர் கொடுக்கிறோம், ஜெபிக்கிறோம், கணவனை வரவழைத்துச் சமரசம் பேசி அன்று மாலையே அவனோடு அனுப்பிவைக்கிறோம். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியைச் சில மூப்பர்கள் திருமறை வசனம் போலவே எடுத்துரைக்கின்றனர். சபையின் பெயர் கெடக்கூடாது என்பதும், அவன் உன் சகோதரன் என்று அப்சலோம் சொன்னதும் வெவ்வேறல்ல. கெடுக்கப்பட்டவளின் கற்பே அழிந்ததென உரைக்கும் பழைய சொல்லை அருளுரைகளில் இன்னமும் வழங்குகிறோம். செய்தவன் குற்றத்தை விட்டுவிட்டு அவள் இழப்பைப் பேசும் சொல் அது. பாலியல் வன்கொடுமை என்று சொல்லப் பழகிக்கொள்ளுதல் நலம்.

தென்னாப்பிரிக்க முறையிலும் நாம் குறை காண்கிறோம். உங்கள் ஊரில் தாமார்கள் உண்டா என்னும் கேள்வியை ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தில் கேட்டால், உண்மையான தாமார் அங்கே அமர்ந்திருக்கக்கூடும். அவளுடைய அம்னோனும் அடுத்த வரிசையில் இருக்கக்கூடும். ஒருவரையொருவர் அறிந்த நமது சிற்றூர்ச் சபைகளில் இது அபாயமானது. பெண்கள் தனியே கூடிப் படித்தல் வேண்டும். அன்றியும், உதவிகள் யாவை என்பது பாடத்தின் முடிவில் வரவேண்டிய கேள்வியன்று. பாடத்தை நடத்துபவர் அதற்கு விடை கண்டபின்னரே ஊருக்குள் வருதல் வேண்டும். ஒரு பெண் வாய்திறந்தபின் யாரிடம் அனுப்புவதென்று தேடுவோமானால், நாமும் அவளைத் தெருவில் விட்டுக் கதவைத் தாழிட்டவர்களாவோம்.

நம் நாட்டில் அவ்விடை ஓரளவு ஆயத்தமாகவே உள்ளது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு; வீடு யார் பெயரில் உள்ளதென்பது தடையன்று. வன்முறை நடக்கிறதென்று நம்ப இடமிருந்தால், பாதுகாப்பு அலுவலருக்கு எவரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்கில்லை. எனினும் வயதுவந்த பெண்ணின் விருப்பத்தை அறியாமல் இதனைச் செய்வது மறுபடியும் அப்சலோமின் வழியே. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கச் செலவொன்றுமில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் காரியம் வேறு. 2012ஆம் ஆண்டுச் சட்டம், பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. போதகருக்கு அதில் விலக்கு இல்லை. ஆலோசனை அறையில் கேட்டது என்ற சாக்கும் செல்லாது. குருத்துவ மாணவர் எத்தனை பேருக்கு இது கற்பிக்கப்படுகிறது?

பிற்காலத்தில் உஜாமா மையத்தார் இதே அதிகாரத்தை ஆண்களிடம் எடுத்துச்சென்று, அம்னோனையும் யோனதாபையும் முன்வைத்து ஆண்மை என்பது யாதென வினவத் தொடங்கினர். அப்பாடம் நமது ஆண்கள் ஐக்கிய சங்கங்களுக்கு ஏற்றது. யோனதாபிலிருந்து தொடங்கலாம். அரசகுமாரர் அனைவரும் கொல்லப்பட்டனர் என்ற செய்தி வந்தபோது, இறந்தவன் அம்னோன் மட்டுமே, தாமாரைக் கெடுத்த நாள்முதல் அப்சலோமின் உள்ளத்தில் இது தீர்மானமாயிருந்தது என்று அரசனுக்கு எடுத்துச்சொல்லித் தேற்றியவன் அவனே. இரண்டு ஆண்டுகளாக எல்லாம் அறிந்திருந்தான். அரசவையில் தன் இடத்தையும் இழக்கவில்லை.