டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

கம்ப்யூட்டரை லிட்டர் கணக்கில் அளக்கிற ஒரு ஜாதி உலகம் முழுக்க இருக்கிறது. 'உன்னுது எத்தனை லிட்டர்?' என்று ஒருவர் கேட்பார். '7.2' என்பார் மற்றவர், கொஞ்சம் பெருமையாக. கேட்டவருடையது 12.6 லிட்டர் என்றால் முகம் வாடிவிடும். பால் வியாபாரம் இல்லை. கேம் ஆடுவதற்காகத் தாங்களே பாகங்களை வாங்கிப் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டர் பெட்டியின் கன அளவைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மேஜைக்கு அடியில் நிற்கும் வழக்கமான டவர் சுமார் 40 லிட்டர். அதாவது நம் வீட்டு 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. இதைச் சுருக்கி, ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சோபாவில் சாய்ந்தபடி கண்ட்ரோலரைத் தட்டி ஆட வேண்டும் என்பது இவர்கள் லட்சியம். நல்ல லட்சியம்தான். ஆனால் அதை அடையப் போகிற வழியில் பாதிப் பேர் தப்பான திருப்பத்தில் திரும்பிவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

முதலில் ஒரு சின்ன சரித்திரம். வீட்டுக் கம்ப்யூட்டர் பிறந்ததே ஹாலில்தான். 1982ல் வந்த ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், காமடோர் 64 இரண்டையும் வீட்டு டி.வி.யில்தான் செருகினார்கள். 1983ல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட கேம் பெட்டியின் பெயரே 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'. அதன்பின் கம்ப்யூட்டருக்குத் தனி மானிட்டர் வந்தது, தனி மேஜை வந்தது, படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. 'பர்சனல்' ஆகிவிட்டது. ஹாலை ப்ளேஸ்டேஷன் வகையறாக்கள் எடுத்துக்கொண்டன.

திரும்பி வருகிற முயற்சி 2001ல் தீவிரமானது. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸைத் திறந்து பார்த்தால் உள்ளே இன்டெல் பென்ட்டியம் வம்சத்து ப்ராஸஸரும் ஹார்ட் டிஸ்க்கும். கறுப்பு அங்கி போட்ட கம்ப்யூட்டர். அதே வருஷம் தைவானின் ஷட்டில் கம்பெனி ஒரு குட்டிப் பெட்டியை விற்க ஆரம்பித்தது. வியா என்ற இன்னொரு தைவான் கம்பெனி, 17 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் மதர்போர்டை அடக்கி 'மினி ஐடிஎக்ஸ்' என்று பேர் வைத்தது. சின்ன கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் அஸ்திவாரம் அந்தச் சதுரம்தான்.

அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுந்த கட்டடங்களில் இரண்டை அவசியம் சொல்ல வேண்டும். ஒன்று, 2013ல் ஆர்வலர்களிடமே முன்பணம் வசூலித்துத் தயாரான என்கேஸ் எம்1. 12.6 லிட்டர். இரண்டாவது, 2016ல் அதே பாணியில் பணம் திரட்டி ஜெர்மனியிலிருந்து வந்த டான் ஏ4. 7.2 லிட்டர். இந்த ஏ4ஐ எத்தனை பாராட்டினாலும் தகும். வழக்கமாக கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டின் மேல் செங்குத்தாகச் செருகி நிற்கும். அதனால்தான் பெட்டி அகலமாகிறது. ஏ4ல் கார்டைக் கழற்றி, ஒரு பட்டையான கேபிள் வழியாக போர்டின் பின்பக்கம் கொண்டுபோய், இரண்டையும் முதுகோடு முதுகாக நிறுத்திவிட்டார்கள். 'சாண்ட்விச்' அமைப்பு என்று பேர். ஒரு மில்லிமீட்டர் வீணில்லை. நம் ஊரில் பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் உடனே புரியும்.

இதுவரை பாராட்டு. இனி குறை.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த பெட்டிக்குள் இவர்கள் எதை வைக்கிறார்கள்? கடையில் கிடைப்பதிலேயே பெரிய கிராஃபிக்ஸ் கார்டை. என்விடியாவின் 5090 கார்டு 575 வாட் சாப்பிடும். ப்ராஸஸருக்கு ஒரு 150 வாட். மொத்தம் 725. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி ஒன்று 750 வாட். கம்ப்யூட்டர் எந்த வேலையும் தூக்கிச் சுமப்பதில்லை. உள்ளே போகிற மின்சாரம் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். இது பௌதிகம், சலுகை கிடையாது. ஆக, மூன்று மணி நேரம் கேம் ஆடினால் மூன்று மணி நேரம் ஹாலில் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து வைத்ததற்குச் சமம். ஒரு டன் ஏசி இழுத்து வெளியே தள்ளுகிற வெப்பம் சுமார் 3,500 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பெட்டிக்கே சம்பளம் கட்டப் போய்விடும்.

வெளிநாட்டு விமர்சகர்கள் இந்தப் பெட்டிகளைச் சோதிப்பது 20, 22 டிகிரி அறையில். சென்னையில் மே மாத மத்தியானம் ஏசி இல்லாத ஹாலில் 34 டிகிரி சர்வசாதாரணம். சில்லின் வெப்பம் அறை வெப்பத்தின் மேல் ஏறி உட்காருவது. அங்கே 75 காட்டினால் இங்கே 87 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் சில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகம் பெட்டிக்குள்ளேயே ஆவியாகிவிடும்.

அடுத்தது சத்தம். சின்னப் பெட்டிக்குள் சின்ன விசிறிதான் நுழையும். சின்ன விசிறி அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும். விசிறியின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்கு இரட்டிப்பாகத் தெரியும். படுக்கையறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடுகிறவனுக்கு இது பொருட்டில்லை. ஹாலில் அப்படியில்லை. அங்கே ஒருவர் பேப்பர் படிக்கிறார், இன்னொருவர் போனில் அக்காவோடு பேசுகிறார், குழந்தை தூங்குகிறது. ஹாலில் கேம் ஆடாதவர்களுக்கும் ஓட்டு உண்டு. படுக்கையறையில் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தை லிட்டர் போட்டிக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

இதைவிடப் பெரிய வேடிக்கை, அத்தனை பெரிய கார்டு ஹாலுக்குத் தேவையே இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 55 இஞ்ச் டி.வி.யின் அகலம் 122 சென்டிமீட்டர். ஃபுல் ஹெச்.டி. படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள். புள்ளிக்கு 0.63 மில்லிமீட்டர். பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால், நல்ல பார்வை உள்ள கண் பிரித்துப் பார்க்கக்கூடிய குறைந்தபட்ச அளவு சுமார் 0.9 மில்லிமீட்டர். அதாவது ஃபுல் ஹெச்.டி. புள்ளியே கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அதற்கும் நாலு மடங்கு புள்ளிகளை 4கே என்று கணக்கிட்டு வரைந்து தள்ளத்தான் அந்த 575 வாட். இரண்டடி தூரத்தில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் கதை வேறு, அங்கே 0.18 மில்லிமீட்டர் வரை தெரியும். ஓரங்களில் லேசான மினுமினுப்பு, நடுக்கம் சிலருக்குத் தெரியலாம். அதைச் சரிசெய்ய, கம்மியான புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கித் தரும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் இருக்கின்றன.

ஆக, ஹால் புள்ளிகளை மன்னித்துவிடும். சத்தத்தை, சூட்டை, தாமதத்தை மன்னிக்காது. கட்டுகிறவர்கள் இதை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாமதம் என்றேனே, அது சாஃப்ட்வேர் சமாசாரம். ப்ளேஸ்டேஷனில் பொத்தானை அமுக்கினால் டி.வி. விழிக்கும், நேற்று விட்ட இடத்தில் கேம் நிற்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தால் பாஸ்வேர்டு கேட்கும், அப்டேட் 37 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு நிற்கும், ஏதோ ஒரு எச்சரிக்கைச் சதுரம் முளைத்து அதை மூட மௌஸ் எங்கே என்று சோபா இடுக்கில் தேட வைக்கும். பத்தடி தூரத்திலிருந்து அந்த எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

இந்தத் தலைவலியைத் தீர்க்கிறேன் என்று கிளம்பியது அமெரிக்காவின் வால்வ் கம்பெனி. ஸ்டீம் என்ற கேம் கடை நடத்துகிறவர்கள். 2012ல் டி.வி.க்கென்று பெரிய எழுத்தில் 'பிக் பிக்சர்' திரை கொடுத்தார்கள். 2015 நவம்பரில் 'ஸ்டீம் மெஷின்' வந்தது. பல கம்பெனிகள் பல வடிவத்தில், 449 டாலரில் ஆரம்பித்து சில ஆயிரம் டாலர் வரை விற்றார்கள். படுதோல்வி. காரணம் பெட்டி இல்லை. உள்ளே ஓடியது லினக்ஸ். விண்டோஸுக்காக எழுதிய கேம்களில் பெரும்பாலானவை அதில் ஓடவில்லை. கல்யாண மண்டபம் ரெடி, மாப்பிள்ளை வரவில்லை. 2018ல் கடை முகப்பிலிருந்து அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

அதே 2018ல் அவர்களே 'ப்ரோட்டான்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். விண்டோஸ் கேம் பேசுவதை லினக்ஸுக்குப் புரிய வைக்கிற துபாஷி. 2022ல் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் அதை வைத்து ஆயிரக்கணக்கான கேம்களை ஓட்டிக் காட்டினார்கள். 2025 நவம்பரில் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தார்கள். பக்கத்துக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் கனசதுரம். கொள்ளளவு 4 லிட்டருக்கும் கீழே. நம் சமையலறை 5 லிட்டர் குக்கரைவிடச் சின்னது.

இதில் எனக்குப் பிடித்தது சிறிய அளவு இல்லை, அடக்கம். கிராஃபிக்ஸுக்கு 110 வாட், ப்ராஸஸருக்கு 30 வாட், அவ்வளவுதான். முதலில் எவ்வளவு சூடு உண்டாகலாம் என்று முடிவு செய்துவிட்டு, பிறகு பெட்டி கட்டியிருக்கிறார்கள். லிட்டர் போட்டிக்காரர்கள் முதலில் பெட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு சூட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். கண்ட்ரோலரைத் தட்டினால் பெட்டியும் டி.வி.யும் சேர்ந்து விழிப்பதும் ஹாலைப் புரிந்துகொண்டவர்கள் செய்கிற காரியம்.

குறைகளும் உண்டு. கிராஃபிக்ஸ் மெமரி 8 ஜிபிதான். 2025ன் பெரிய கேம்கள் சிலவற்றுக்கே அது இறுக்கமான சட்டை, வருகிற வருஷங்களில் பொத்தான் தெறிக்கும். வேலரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவை, ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் ஏற்பாட்டின் காரணமாக, லினக்ஸில் ஓடுவதில்லை. உங்கள் பையன் ஆடுவது அவைதான் என்றால் இந்தப் பெட்டி உங்களுக்கு இல்லை.

'இத்தனை உபத்திரவம் எதற்கு, ஒரு ப்ளேஸ்டேஷன் வாங்கிப் போட்டால் தீர்ந்தது' என்பீர்கள். நியாயமான கேள்வி. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் 7 லிட்டருக்குள், சுமார் 200 வாட்டில், சத்தமில்லாமல் வேலையை முடிக்கிறது. ஆனால் அங்கே கதவுக்குச் சாவி அவர்களிடம். டிஸ்க் இல்லாத மாடல் என்றால் கேம் வாங்க ஒரே கடை, அவர்கள் வைத்ததே விலை. மற்றவர்களோடு சேர்ந்து ஆடப் பெரும்பாலான கேம்களுக்கு மாதச் சந்தா. கம்ப்யூட்டர் என்றால் எந்தக் கடையிலும் வாங்கலாம், விசிறி போனால் ரிச்சி தெருவுக்குப் போய் வேறு வாங்கி மாட்டலாம், பரீட்சைக்கு ப்ராஜெக்ட் அடிக்கலாம், பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய கேமை ஆடலாம். அந்தச் சுதந்திரம் ஹாலுக்கும் வர வேண்டும் என்பதால்தான் இந்தப் பெட்டியை இத்தனை கறாராக விமர்சிக்கிறேன். சத்தம் போட்டு வீட்டாரை விரட்டினால், ஹால் மறுபடி பூட்டிய பெட்டிகளுக்கே போய்விடும்.

கட்டியே தீருவேன் என்கிறவர்களுக்கு மூன்றே யோசனை. நடுத்தரக் கார்டு வாங்குங்கள். 200 வாட் தாண்ட வேண்டாம். ஏற்கெனவே பெரியதாக வாங்கிவிட்டீர்களா, மின்சாரத்தைக் குறைத்து ஓட்டுங்கள். 450 வாட் 4090 கார்டை 70 சதவீதத்தில் ஓட்டினால் வேகம் சில சதவீதம்தான் குறையும், சூடு கணிசமாகக் குறையும். கடைசியாக, 7 லிட்டருக்குப் பதில் 12 லிட்டர் பெட்டி எடுத்து 120 மில்லிமீட்டர் விசிறியை நிதானமாகச் சுற்ற விடுங்கள். லிட்டர் போட்டியில் தோற்பீர்கள். பரவாயில்லை.

பெட்டி வைத்து ஒரு மாதம் ஆனதும் வீட்டில் கேம் ஆடாத ஒருவரிடம் 'அந்தக் கம்ப்யூட்டர் எப்படியிருக்கு?' என்று கேளுங்கள். 'எந்தக் கம்ப்யூட்டர்?' என்று திருப்பிக் கேட்டால் நீங்கள் பாஸ். 'அந்த மிக்ஸியா?' என்றால் ஃபெயில்.