மண்ணைச் செதுக்கியவர்கள்

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகுதான் கலைஞரும் விஞ்ஞானியும் சரிசமமாக உட்கார்ந்து வேலை செய்யும் காலம் பிறந்தது என்ற கருத்து இப்போது எங்கும் உலவுகிறது. கண்காட்சிக் கையேடுகள் அதைச் சொல்கின்றன. தமிழில் வரும் தொழில்நுட்பக் கட்டுரைகளும் அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொல்கின்றன. சான்றாக முதலில் காட்டப்படுவது ரெஃபிக் அனடோலின் ‘அன்சூப்பர்வைஸ்டு’. 2022 நவம்பரில் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில் அது ஏற்றப்பட்டது. அருங்காட்சியகச் சேகரிப்பின் 1,38,151 பதிவுகளைக் கற்ற கணினி மாதிரி ஒன்று, ஓயாமல் உருமாறும் பிம்பங்களைப் பிரம்மாண்டமான திரையில் பொழிந்துகொண்டே இருந்தது. மக்கள் அதன் முன் நெடுநேரம் நின்றார்கள். பார்க்க அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலையால் எந்த விஞ்ஞானியின் கேள்வி மாறியது? என்விடியா ஆய்வாளர்கள் முன்பே உருவாக்கி வைத்திருந்த ஒரு நிரலைக் கலைஞர் மிகத் தேர்ச்சியோடு பயன்படுத்தினார், அவ்வளவுதான். கருவியை வாங்கிப் பயன்படுத்துவதையே கூட்டுழைப்பு என்று கொண்டாடினால், உண்மையிலேயே கூடி உழைத்தவர்களின் அறுபதாண்டு வரலாறு மறைந்துபோகும். மறைந்துகொண்டும் இருக்கிறது.

அந்த வரலாற்றின் தொடக்கம் பலருக்கும் தெரிந்ததே. 1959இல் சி.பி. ஸ்னோ, இலக்கியம், அறிவியல் என்று பிரிந்து நின்ற ‘இரு பண்பாடுகள்’ பற்றிப் பேசினார். மறு ஆண்டு ழான் திங்கெலியின் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயந்திரம் அதே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் எரிந்து நொறுங்கியது. அதைக் கட்ட உதவியவர் பெல் ஆய்வகத்தில் லேசர் ஆய்வு செய்துகொண்டிருந்த ஸ்வீடன்காரர் பில்லி க்ளூவர். 1966 அக்டோபரில் பத்துக் கலைஞர்களும் முப்பது பெல் பொறியாளர்களும் சேர்ந்து ‘ஒன்பது மாலைகள்’ நிகழ்த்தினார்கள். ராபர்ட் ரவுஷன்பர்க்கின் நிகழ்வில் டென்னிஸ் மட்டையில் பந்து படும்போதெல்லாம் அரங்கில் ஓசை அதிர்ந்தது, ஒரு விளக்கு அணைந்தது. முழு இருட்டு வந்ததும் ஆட்டம் முடிந்தது. பல கருவிகள் சொதப்பின, விமர்சகர்கள் கடித்துக் குதறினார்கள். ஆனாலும் அங்கிருந்துதான் ‘கலை, தொழில்நுட்பச் சோதனைகள்’ என்ற க்ளூவரின் அமைப்பு வளர்ந்தது. 1968இல் லண்டனில் யாசியா ரைக்கார்ட் கணினிக் கலையை ஒரே கூரையின் கீழ் திரட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட அருங்காட்சியகம் கலைஞர்களைப் பெருநிறுவனங்களுக்குள் அனுப்பி வைத்தது. 1971இல் அதன் காட்சி திறந்தபோது பங்கேற்றவர்களில் ஒரு பெண்கூட இல்லை என்று பெண் கலைஞர்கள் கொதித்தெழுந்தது நியாயமானது.

இந்தக் கட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மின்கம்பிகளையும் ஒளிவிளக்குகளையும் பற்றியே எழுதுகிறார்கள். நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது ஒரு மூடுபனியை.

1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் பெப்சி அரங்கை வடிவமைக்கும் பொறுப்பு க்ளூவரின் அமைப்புக்குக் கிடைத்தது. அரங்கின் வெள்ளைக் கூரையை மூடுபனியால் போர்த்தும் பணி ஃபுஜிகோ நகாயாவிடம் வந்தது. அவர் தந்தை உகிச்சிரோ நகாயா, 1936இல் ஹொக்கைடோவில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை ஆய்வகத்தில் வளர்த்த இயற்பியலாளர். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மேக இயற்பியலாளர் தாமஸ் மீ, ரசாயனத்தால் புகைமூட்டம் உண்டாக்கும் வழியை அறிந்திருந்தார். நகாயா அதை ஏற்கவில்லை. மூச்சில் இழுக்கக்கூடிய, தோலில் ஈரமாகப் படக்கூடிய, வெறும் தண்ணீரால் ஆன மூடுபனிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதத்துக்காகவே மீ உயர் அழுத்தத்தில் நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கும் நுனிக்குழாய்களை உருவாக்கினார். அந்த நுட்பம் பிறகு பசுமைக்குடில்களுக்கும் தொழிற்சாலைக் குளிரூட்டலுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண் கலைஞரின் மறுப்பிலிருந்து ஒரு தொழில்நுட்பம் பிறந்திருக்கிறது. கலைஞரின் தேவை விஞ்ஞானியைப் புதிய இடத்துக்குத் தள்ளுவதைத்தான் கூட்டுழைப்பு என்பேன். செலவு ஏறியதும் பெப்சி நிறுவனம் க்ளூவரின் குழுவை அரங்கிலிருந்து விலக்கியது. மூடுபனியோ நகாயாவோடு இருந்தது; அடுத்த அரை நூற்றாண்டுக்கு அவர் அதை உலகெங்கும் சிற்பமாக்கினார்.

இந்தியாவும் அந்த வரைபடத்தில் இருந்தது. 1969இல் விக்ரம் சாராபாயின் அழைப்பின்பேரில் க்ளூவரின் அமைப்பு ஆனந்த் பால் கூட்டுறவுப் பகுதியில், கிராமப் பெண்களுக்கான தொலைக்காட்சிக் கல்வி நிகழ்ச்சிகளை எப்படி உருவாக்கலாம் என்று திட்டம் தீட்டியது. அதே ஆண்டு அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சின்தசைசரை நிறுவ, நாட்டின் முதல் மின்னணு இசைக்கூடம் உருவானது. விக்ரமின் சகோதரி கீதா சாராபாயும் இன்னும் சிலரும் அங்கே இசையமைத்தார்கள். சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஒலிநாடாக்கள் பெட்டிகளில் கிடந்தன. லண்டன் கலைஞர் பால் பர்கஸ் தேடி எடுத்த பிறகு 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. நம் நவீனத்துவ வரலாறுகளில் இந்தக் கூடத்துக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படாதது வருத்தத்துக்குரியது.

எழுபதுகளில் சில கலைஞர்கள் பொறியாளர்களை விட்டுவிட்டு உயிரியலாளர்களைத் தேடிப் போனார்கள். இந்தத் துறையின் மிக வளமான காலம் என் பார்வையில் அங்கேதான் தொடங்குகிறது. சான் டியேகோவில் ஹெலன் ஹாரிசனும் நியூட்டன் ஹாரிசனும் தம் கலைக்கூடத் தொட்டிகளில் இலங்கையின் சேற்று நண்டை வளர்த்தார்கள். சிறைப்பட்ட நண்டு எப்படி வாழும், எப்போது இனப்பெருக்கம் செய்யும் என்பது அவர்கள் கேள்வி. தொட்டியில் நன்னீர் ஊற்றிப் பருவமழையைப் போலச் செய்தபோது நண்டுகள் இணைசேரத் தொடங்கின. கடலியல் ஆய்வுக்கான அரசு நிதிநல்கையே அவர்களுக்குக் கிடைத்தது. அந்தத் தேடல் பத்தாண்டுகள் நீண்டு ‘களப்புச் சுழற்சி’ என்ற நெடிய சுவரோவியத் தொடராக, நிலப்படமும் உரையாடலும் ஒளிப்படமும் கலந்த காவியமாக வளர்ந்தது. அதன் முதல் பகுதிக்கு உப்புவெளிக் களப்பின் பெயர். அங்கிருந்து கலிஃபோர்னியாவின் சால்டன் உப்பேரிக்கும் கொலராடோ ஆற்றுக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் அது விரிகிறது. ஈழக் கரையிலிருந்து போன ஒரு நண்டு இருபதாம் நூற்றாண்டின் பெரும் சூழலியல் படைப்பொன்றைத் தொடங்கி வைத்தது. தமிழில் ஒரு முழுநூலாக எழுதப்படும் தகுதி இதற்கு உண்டு.

அந்த வழியின் உச்சம் கலைஞர் மெல் சின். எண்பதுகளின் இறுதியில், மண்ணிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சும் செடிகளைப் பற்றிப் படித்த சின், அமெரிக்க வேளாண் துறையின் மண் விஞ்ஞானி ரூஃபஸ் சேனியைக் கண்டுபிடித்தார். சில செடிகள் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கின்றன. அவற்றைப் பயிரிட்டு அறுத்து எரித்தால் சாம்பலிலிருந்து உலோகத்தை மீட்கலாம், மண்ணும் சுத்தமாகும் என்பது சேனி 1983இலேயே முன்வைத்த யோசனை. ஆனால் வயலில் சோதித்துப் பார்க்க அவருக்கு வழி பிறக்கவில்லை. சின் அதற்கு இடம் தேடினார். நஞ்சு கலந்த நிலத்தில் கால்வைக்க அனுமதிக்கும் ஒரு நிர்வாகத்தைத் தேடி அலைந்து, கடைசியில் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்துப் ‘பிக்ஸ் ஐ’ குப்பைமேட்டைப் பிடித்தார். அமெரிக்கத் தேசியக் கலை நிதியத்தின் தேர்வுக்குழு பத்தாயிரம் டாலர் நல்கைக்குப் பரிந்துரைத்தது. நிதியத்தின் தலைவர் ஜான் ஃப்ரோன்மயர் அதைத் தடுத்தார். சின் நேரில் போய் வாதாடினார். தடுத்தவரே முடிவை மாற்றிக்கொண்டார்.

1991இல் ‘மீட்பு வயல்’ நடப்பட்டது. சதுரமான கம்பிவேலி, அதற்குள் வட்டமான நடவு, நடுவில் வெட்டிக்கொள்ளும் இரண்டு பாதைகள். மேலிருந்து பார்த்தால் துப்பாக்கிக் குறிவட்டம்போல இருக்கும். உள்ளே 96 பாத்திகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு செடியும் மண் பக்குவமும். சின் இதைச் செதுக்கல் என்று கருதினார். சிற்பி கல்லிலிருந்து வேண்டாததை நீக்குகிறார், இங்கே வேர்கள் மண்ணிலிருந்து நஞ்சை நீக்குகின்றன. மூன்று ஆண்டு அறுவடையில் ‘த்லாஸ்பி’ என்ற சிறு மலைச்செடி மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக உலோகத்தை இழுத்திருந்தது. சேனிக்கு அவர் காத்திருந்த வயற்சான்று கிடைத்தது. கலைக்கு ஒதுக்கிய பணத்தில், கலைஞர் பிடித்த இடத்தில், ஒரு புதிய மண் விஞ்ஞானத்தின் தொடக்கச் சோதனை நடந்தது. அருங்காட்சியகத்தில் தொங்கவிட அதில் எதுவும் இல்லாததால்தான் சினின் பெயர் அனடோலின் பெயரைப்போல நாவில் வருவதில்லை. இது விமர்சகர்களாகிய எங்கள் தவறு.

உயிருள்ளவற்றையே ஊடகமாக்கிப் பிறகு வந்த உயிர்க்கலை அலை, இந்தப் பொறுமையைக் கைவிட்டுப் பரபரப்பின் பின்னால் ஓடியது. 2000இல் கலைஞர் எடுவார்டோ கக் பச்சையாக ஒளிரும் முயலை அறிவித்தார். பிரெஞ்சு ஆய்வகம் அந்த முயலை வெளியே விட மறுத்தது. செய்தித்தாள்கள் நிறைந்தன, ஆனால் ஒரு புதிய கேள்வியும் பிறக்கவில்லை. அதே ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘சிம்பியாட்டிக்கா’வை இதோடு சேர்த்துத் தள்ளக் கூடாது. ஓரன் காட்ஸும் அயோனாட் சூரும் உயிரணு வளர்ப்பைக் கையால் கற்றுக்கொண்டார்கள், தம் கைவேலையைத் தாமே சந்தேகித்தார்கள். விலங்கைக் கொல்லாத தோலாக அவர்கள் வளர்த்த உயிரணுக் குட்டிச்சட்டை 2008இல் நியூயார்க்கில் கட்டுக்கடங்காமல் வளர, காப்பாட்சியர் அதன் உயிர்ப்பை நிறுத்த வேண்டிவந்தது. கொல்லாமை பேசிய படைப்பைக் கொல்ல நேர்ந்த அந்த முடிவு, பல நூறு பக்கக் கோட்பாட்டைவிடக் கூர்மையானது.

செர்ன் துகள் இயற்பியல் பேராய்வகம் 2011 முதல் கலைஞர்களைத் தங்கவைக்கிறது. நல்ல படைப்புகள் வந்திருக்கின்றன. ஆனாலும் கலைஞர் வியந்துபோய் வெளியே வருகிறார், துகள் மோதல் முன்போலவே நடக்கிறது. உறவு ஒருபக்கமாகவே நின்றுவிடுகிறது.

இதற்கு எதிரான பாதை இன்னும் திறந்தே இருக்கிறது. 2020 ஜனவரியில் கலைஞர் தோமாஸ் சரசேனோவின் ‘ஏரோசீன்’ பலூன், எரிபொருளோ ஹீலியமோ லித்தியமோ இல்லாமல் வெயிலின் சூட்டில் மட்டும் எழும்பி, விமானி லெடீசியா மார்கெஸை அர்ஜென்டினாவின் சாலினாஸ் கிராந்தெஸ் உப்பு வெளிக்கு மேல் சுமந்து சென்றது. 32 உலகச் சாதனைகள் பதிவாகின. லித்தியத்தைவிட நீரும் உயிரும் மேலானவை என்ற அந்த நிலத்துப் பழங்குடிகளின் முழக்கம் பலூனில் எழுதப்பட்டிருந்தது. செயற்கை நுண்ணறிவிலும் இப்படி நடந்திருக்கிறது. 2019இல் கலைஞர் ட்ரெவர் பாக்லனும் ஆய்வாளர் கேட் கிராஃபோர்டும், இமேஜ்நெட் தரவுத்தொகுப்பு மனித முகங்களுக்கு ஒட்டிய இழிவான பட்டங்களைப் பொதுமக்களே தம் படத்தை ஏற்றிப் பார்க்கும்படி செய்தார்கள். அந்த நாட்களிலேயே தொகுப்பின் ஆய்வாளர்கள் ஆறு லட்சம் படங்களை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். அவர்களின் மறு ஆய்வு முன்பே தொடங்கியிருந்தாலும், உலகம் அதைக் கவனித்தது கலையால்தான். பெங்களூரில் 2009இல் சிருஷ்டி கலைக் கல்லூரி மாணவர்கள், முதல் மழையில் எழும் மண்வாசனையின் மூலக்கூறான ஜியோஸ்மினைச் சுரக்கும் பாக்டீரியாவை உருவாக்கி, எம்.ஐ.டி.யில் நடந்த மரபணுப் பொறியியல் போட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். கலை மாணவர்கள் தம் நிலத்தின் நினைவை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனார்கள். கோடிகள் விழுங்கும் திரைகளைவிட எனக்கு அந்தச் சோதனைக்குழாய் பெரிது.

சினின் வயலைப் போல நஞ்சேறிய நிலம் நம்மிடமும் உண்டு. பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டையில், மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் பல ஆண்டுகளாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. எந்தச் செடி அங்கே பிழைக்கும், எது உலோகத்தைத் தாங்கும் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அந்த நிலத்தை மக்கள் கண்முன் நிறுத்தத் தெரிந்தவர்கள் எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் பொறுப்பான அரசு ஒன்றுதான். கலைக்கு ஒதுக்கும் அடுத்த பெருந்தொகையை இன்னொரு ஒளித்திரைக்குச் செலவிடாமல், இவ்விரு நிறுவனங்களின் மாணவர்களையும் ஐந்தாண்டுக்கு அந்த மண்ணில் ஒன்றாக வேலைசெய்ய அனுப்புங்கள்.