மதில்மேல் பூனை

சங்கப் பாட்டுகளை ரஸிக்கிறேன் என்று பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ரஸிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதைக் கற்றுக்கொடுத்தது எந்தப் பண்டிதரும் அல்ல. எங்கள் வீட்டுப் பூனை.

எங்கள் வீடு ஆம்பூரில் இருக்கிறது. தோலால் பிழைக்கிற ஊர். உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும் கிடங்கு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்த வாடைக்கு மனிதர்கள் பழகிவிடுவார்கள். எலிகள் அதை நாடியே வரும். பூனை வளர்க்க ஆரம்பித்தது அதனால்தான். ஆறே மாதத்தில் எலி குறைந்தது. பூனையோ தன் உத்தியோகத்தைத் தானாகவே விஸ்தரித்துக்கொண்டது. ஓணான், அணில், தவிட்டுக்குருவி என்று ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து, நான் எழுதும் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். "உங்களுக்குக் காணிக்கை கொண்டுவருகிறது" என்றார் ஒரு நண்பர். எழுத்தாளனுக்குக் காணிக்கை என்றால் கசக்குமா? நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து வைத்தது.

பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. அதோடு நாலு கோழி வளர்க்கிறார்கள். முட்டை விற்ற காசு பேரனின் பள்ளிச் செலவுக்கு. குஞ்சில் உயிர் இல்லை. நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய பத்திரிகைத் தாளில் அதைச் சுற்றி, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தாய்க்கோழி கத்த ஆரம்பித்தது. இருட்டும் வரை கத்தியது.

அப்போதுதான் குறுந்தொகையின் 139-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர். பாட்டில் பெரிய விஷயம் ஒன்றும் நடப்பதில்லை. மாலையில் வேலியருகே வெருகு, அதாவது காட்டுப்பூனை, வந்துவிட்டது. எங்கே புகுவது என்று தெரியாமல் குஞ்சுகள் கும்பலாக நிற்கின்றன. வீட்டுக் கோழி அவற்றைக் கூவி அழைக்கிறது. அந்தக் குரலைப் போலக் கொடிய ஊர்ப்பேச்சு எழுகிறது. அதையும் அழைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வராதே, ஐயா, நீ வாழ்க என்று தலைவனுக்கு வாயில் மறுக்கிறாள் தோழி.

இந்த உவமை எனக்கு வெகுநாளாக இடறிக்கொண்டிருந்தது. குஞ்சைக் காக்கத் தாய் கூவும் குரல் பரிதாபமானது. வம்புப் பேச்சில் பரிதாபம் ஏது? இரண்டையும் இணைப்பது சத்தம் ஒன்றுதான், உவமை அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று ஒரு கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன்.

குற்றவாளியாக வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டபோது பொருந்திற்று. கோழி யார் மேலும் பழி சொல்லவில்லை. தன் குஞ்சைத்தான் கூப்பிட்டது. ஆனால் அந்தக் குரல் தெரு முழுவதும் எங்கள் வீட்டுப் பெயரைச் சொல்வதாகவே என் காதில் விழுந்தது. தவறு செய்தவன் வீட்டுக்குள் கேட்கும்போது பரிதாபக் குரலே பழிச்சொல் ஆகிவிடுகிறது. தோழி அதைத்தான் சொல்கிறாள். மாசாத்தியார் சத்தத்துக்குச் சத்தத்தை ஒப்பிடவில்லை; மனச்சாட்சியின் செவியை அறிந்து எழுதியிருக்கிறார். கூட்டத்தில் நான் சொன்ன அபிப்பிராயத்தை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அன்றிரவு மற்றப் பூனைப் பாட்டுகளையும் உரையோடு புரட்டினேன். அதே தொகையின் 107-ஆம் பாட்டில், கணவனோடு உறங்கியவளைச் சேவல் கூவி எழுப்பிவிடுகிறது. நடுநிசியில் வீட்டெலிக்குக் காத்திருக்கும் வெருகுக் குட்டிக்கு நீ 'அல்கிரை' ஆவாயாக என்று அவள் சபிக்கிறாள். அல்கிரை என்றால் வைத்திருந்து தின்னும் இரை. பூனை பிடித்ததை அங்கேயே தின்றுவிடுவதில்லை, பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோகும் என்பது அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. என் மேஜையடியும் ஒரு பத்திரமான இடம். காணிக்கை என்பதெல்லாம் நம்முடைய கர்வம். மாசாத்தியாரே 220-ஆம் பாட்டில் முல்லை மலர்வதைப் பூனையின் சிரிப்புக்கு ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 117-ஆம் பாட்டில் கபிலருக்கு முல்லை அரும்பு வெருகுக் குட்டியின் கூரிய பல்லாகத் தெரிகிறது. பல்லைப் பார்த்தும் அருவருக்காமல், பூவைப் பார்த்தும் பல்லை மறக்காமல் எழுதியவர்கள் அவர்கள்.

பிறகு என்ன ஆயிற்று? மாமல்லபுரத்து ஏழாம் நூற்றாண்டுச் சிற்பத்தில் பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது; காலடியில் எலிகள். பூனை வேஷக்காரன் ஆகிவிட்டது. கம்பர் அவையடக்கத்தில் அதைப் பாற்கடலுக்கு அனுப்பினார். அங்கிருந்து அது அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. பாரதியார் கையில் பல நிறக் குட்டி போட்டு, மனிதருக்குள் பேதமில்லை என்று பாடம் சொன்னது. இவையெல்லாம் மேலான காரியங்களே. ஆனால் எல்லாவற்றிலும் பூனை வேறு எதற்கோ நிற்கிறது, பூனையாக இல்லை. என் நாவல் ஒன்றிலும் பால் கிண்ணத்தருகே ஒரு சாதுவான பூனையை உட்கார வைத்திருக்கிறேன். இப்போது படித்தால் அது பஞ்சடைத்த பொம்மை.

பல்லை மறந்தால் நஷ்டம் இலக்கியத்துக்கு மட்டும் அல்ல. நியூஸிலாந்தின் ஸ்டீஃபன்ஸ் தீவில், 1894-இல் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் பூனை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட உடல்களால்தான் பறக்கத் தெரியாத ஒரு சிறு குருவி இனமே விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது. சில வருஷங்களில் அந்த இனம் பூண்டோடு அழிந்தது. ஒரே பூனை செய்த வேலை என்பது மிகை. தீவில் பூனைகள் பெருகிவிட்டிருந்தன. கொண்டுபோய் விட்டது மனிதன்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் எல்லாரும் கேட்கிறோம். கட்டினால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. 2021-இல் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தார் 300-க்கு மேற்பட்ட வீட்டுப் பூனைகளை வைத்துப் பார்த்தார்கள். மணியால் குறிப்பிடத்தக்க பலன் இல்லையாம். தானியம் சேர்க்காத, இறைச்சிச் சத்து மிகுந்த உணவு கொடுத்தபோது வீட்டுக்கு வந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் 5 முதல் 10 நிமிஷம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதம். என் மனைவி பால் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கறிக்கடையில் துண்டுக் கறி வாங்க ஆரம்பித்தாள். நான் கயிற்றில் கோழி இறகைக் கட்டி இழுக்கிறேன். நாவலாசிரியனுக்கு இதுவும் ஒரு வேலை.

ஒன்று பாக்கி. குஞ்சு காணாமல் போனதற்குக் கூடையைத் திறந்து போட்டதுதான் காரணம் என்று பக்கத்து வீட்டில் பேரனுக்கு அடி விழுந்ததாக மறுநாளே மனைவி சொன்னாள். நான் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. மதிலின் மேல் இருந்தது பூனை அல்ல, நான்தான். நாலாம் நாள் அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிட்டேன். குஞ்சுக்கு விலையும் கொடுத்தேன்.

அந்த அம்மாள் பணத்தை வாங்கிக்கொண்டு, "மாலையானா அதை உள்ளே போட்டுப் பூட்டுங்க சார். பூனைக்கு அதுதானே நேரம்?" என்றார்கள். மாசாத்தியாரும் அந்த நேரத்தைத்தான் சொல்லியிருக்கிறார். பூட்டுகிறோம்.

பேரன் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பாட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். மூன்று நாளைக்கு என்ன விலை என்று அவன் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.