ஆள்மாறாட்ட நிலங்கள்

சினிமாவில் பார்த்த இடத்தைத் தேடிப்போய், அதே கோணத்தில் நின்று, அதையே மறுபடி படம்பிடித்து வருகிற காரியத்தை வெறும் ரசிக மனோபாவம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்குவது சுலபம். வெகுஜன சினிமாவோடு சம்பந்தப்பட்ட எதையும் முகச்சுளிப்போடு தாண்டிப் போகிற பழக்கம் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு நெடுநாளாக உண்டு. ஆனால் இங்கே நடப்பதும் ஒரு வாசிப்புதான். பிரதியை அது எழுதப்பட்ட தாளின் பக்கமிருந்து வாசிக்கிற முயற்சி. அந்த வாசிப்பு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க மறுக்கிறது என்பதுதான் கேள்வி.

நண்பர் ஒருவர் நான்கு வருஷமாக இதைச் செய்துவருகிறார். திண்டுக்கல்லில் சின்னக் கடை வைத்திருப்பவர். சினிமாவில் சேர்கிற உத்தேசமெல்லாம் இல்லை. கடைக்கு லீவு விடுகிற நாட்களில் பஸ் ஏறிப் போய் செல்போனில் எடுத்ததை ஐம்பது நிமிஷப் படமாகத் தொகுத்து, தாடிக்கொம்பில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டினார். தலைப்பு இல்லை. எங்கேயும் அனுப்பப் போவதில்லையாம். "எனக்காக எடுத்ததுண்ணே" என்றார். இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றியது. அதைவிட, அவர் அதிலிருந்து வெட்டி எறிந்த ஒரு ஷாட்டைப் பற்றியது.

அவருடைய முறை எளியது. பழைய படத்தின் ஒரு பிரேமை அச்செடுத்து வைத்துக்கொள்கிறார். இடத்துக்குப் போனதும் அந்த அட்டையைக் காமிராவுக்கு முன்னால் பிடித்து, பின்னாலிருக்கும் மலை, மரம், படித்துறையோடு கோடு கோடாகப் பொருத்துகிறார். பொருந்தியதும் அட்டையை விலக்குகிறார். பிம்பம் போய் நிலம் வருகிறது. முதல் இரண்டு மூன்று தடவை இதைப் பார்க்கையில் நமக்கு ஒரு சிலிர்ப்பு ஏற்படுவதை மறைப்பதற்கில்லை. பத்தாவது தடவை அலுத்துவிடுகிறது. பொருத்தம் என்பது ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல முடியும்: 'ஆமாம், இதே இடம்தான்.'

ஆனால் எதே இடம்? படம் கொள்ளேகாலில் தொடங்குகிறது. '16 வயதினிலே' (1977) தமிழ்க் கிராமத்தை ஸ்டூடியோ சுவருக்கு வெளியே கொண்டுவந்தது என்று நாம் பாடம்போல ஒப்பிப்போம். அந்தத் தமிழ்க் கிராமம் பெரும்பாலும் மைசூர், கொள்ளேகால் வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. 'முதல் மரியாதை' (1985) தலக்காட்டுப் பக்கம், காவிரிக்கரையில். மதுரைச் சீமையின் ரத்தமும் சதையும் என்று கொண்டாடப்பட்ட, கண்டிக்கவும் பட்ட 'தேவர் மகன்' (1992) பொள்ளாச்சிப் பக்கம். தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா தன் ஊரை எடுக்க இன்னொரு மாநிலத்துக்குப் போனார். தென்மாவட்டத்து மண்ணின் மணமாக நாம் நுகர்ந்தது கன்னட மண்ணின் மணம். போதாததற்கு, கொள்ளேகால் தாலுகா 1956 மாநிலச் சீரமைப்பு வரை கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. சென்னை ராஜ்யம் மைசூருக்கு விட்டுக்கொடுத்த நிலம் இருபத்தோரு வருஷம் கழித்துத் திரையில் அசல் தமிழ்க் கிராமமாகத் திரும்பி வந்தது! இந்த வேடிக்கையை நம் சினிமா வரலாற்றாசிரியர்கள் யாரும் ரசித்ததாகத் தெரியவில்லை.

ஆக, லொகேஷன் என்பதே ஒரு ஆள்மாறாட்டம். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்துபார்த்த சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வர வேண்டும். மாஸ்கோ வீதிகளில் ஒருவரையொருவர் சந்திக்கிற இருவர் அடுத்த ஷாட்டில் ஒரு கட்டிடத்தை நோக்கிப் போகிறார்கள். அந்தக் கட்டிடம் ஏதோ அமெரிக்கப் படத்திலிருந்து வெட்டியெடுத்த வாஷிங்டன் வெள்ளை மாளிகை. பார்ப்பவர்களுக்கு அது ஒரே ஊர். குலெஷோவ் இதைப் படைப்புப் புவியியல் என்றார். நாயகி வாசலைத் தாண்டுகிற ஷாட்டுக்கும் அவள் தெருவில் கால்வைக்கிற ஷாட்டுக்கும் நடுவே முந்நூறு கிலோமீட்டர் இருக்கலாம். லொகேஷன் தேடிப் போகிறவர் வந்து நிற்கும் இடம் பாதி இடம்தான். மீதிப் பாதி எடிட்டிங் மேஜையில் இருந்தது. அந்த மேஜைக்கு யாரும் டூர் போக முடியாது.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் இன்னொன்றும் தோன்றும். அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது இலக்கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றாலும் பாட்டை ஆள்வது உரிப்பொருள். குறிஞ்சி எந்த மலை என்று கேட்கிறவன் பாட்டைத் தவறவிடுகிறான். நம் கிராமத்துப் படங்களின் ஊரும் அப்படிப் பெயரற்ற திணை நிலம் என்று வாதாடலாம், வாதாடியும் இருக்கிறார்கள். ஆனால் திணை நிலத்தில் யாரும் பட்டா வைத்திருக்கவில்லை. லொகேஷனில் வைத்திருக்கிறார்கள். அங்கே வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறார்.

நண்பரின் படத்தில் நீளமான பகுதி எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற கொடைக்கானல் குகை. 1821-இல் பழனிமலையை அளக்க வந்த பி.எஸ். வார்டு காலத்திலிருந்து வெள்ளைக்காரர்கள் இந்த மலையில் இட்டுக்கொண்டே போன பெயர்களில் ஒன்று, 'பிசாசின் சமையலறை'. 1991-இல் சந்தானபாரதி இயக்கத்தில் 'குணா' வெளியானது. பிசாசு போய் குணா வந்தான். இப்போது அது குணா குகை. மலையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பளியருக்கு இரண்டு பெயரிலும் பங்கில்லை. 2006-இல் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த இளைஞர்களில் ஒருவர் அந்தக் குழிக்குள் விழுந்தார். கூட வந்த நண்பர் கயிறு கட்டி இறங்கி அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் அது 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படமாக வந்து உலகம் முழுவதும் இருநூறு கோடிக்கு மேல் வசூலித்தது. படத்தின் குகைக்குள் நடக்கும் காட்சிகளுக்குப் பெரும்பாவூரில் செட் போட்டார்கள். ஆக, ஒரு சினிமாவின் பெயரைச் சுமக்கிற இடம். அதன் நகலாக ஒரு செட். செட்டைப் படமாகப் பார்த்துவிட்டு 'அசலை'ப் பார்க்கக் கொடைக்கானல் ஏறும் கூட்டம். போத்ரியார் பார்த்திருந்தால் குதித்துக் கூத்தாடியிருப்பார்.

நான் கூத்தாட மாட்டேன். நகல்களின் நகல் பற்றிய கோட்பாடுகளில் அந்தக் குழிக்கு இடமில்லை. அங்கே விழுந்தால் எலும்பு உடைகிறது, உயிர் போகிறது, போயுமிருக்கிறது. வனத்துறை கம்பிவேலி போட்டிருப்பது குறிப்பானைச் சுற்றியல்ல, பள்ளத்தைச் சுற்றி. நண்பரின் காமிரா அந்த வேலியைத்தான் அதிகம் எடுத்திருக்கிறது, வேறு வழியில்லாததால். கம்பிக்கு இந்தப் பக்கம் நூறு செல்போன்கள் தலைக்கு மேலே தூக்கியபடி இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே பாட்டு, வேறு வேறு வரியில். அட்டையைப் பொருத்த அவருக்கு இடமே கிடைக்கவில்லை. அதனாலேயே அது நல்ல பகுதி. நகலெடுப்பு மூலத்தின் ஒளிவட்டத்தைக் கரைக்கும் என்றார் வால்டர் பெஞ்சமின், 1930களில். இங்கே நகல்தான் மூலத்துக்கு ஒளிவட்டத்தைக் கடனாகக் கொடுக்கிறது. கடன்காரர்கள் வரிசையாக நிற்கிறார்கள், கையில் போனோடு.

ராமநகரத்துப் பாறைகளைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். 'ஷோலே' (1975) கொள்ளைக்காரனின் இடமாக இருந்த அந்தக் குன்றுகளில் ராமதேவர பெட்டா 2012-இல் பாறுக்கழுகுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நண்பர் கழுகுக்காகக் காத்திருக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

வெட்டிய ஷாட்டுக்கு வருகிறேன். சிறுமலை அடிவாரத்தில் ஒரு ஊர். நண்பர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ஒரு படத்தின் ஷூட்டிங் அங்கே நடந்தது. படத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. இந்தப் பக்கத்தில் காமிரா வந்துபோகாத அடிவாரம் குறைவு. ஓட்டு வீடு, நீலக் கதவு, கதவில் சாய்ந்து நாயகி. நண்பர் அட்டையோடு போய் நின்றால் கதவு அப்படியே இருக்கிறது, நீலம் மட்டும் வெளுத்துப்போய். கதவில் சாய்ந்து ஒரு வயசான அம்மா நிற்கிறார். அது அவருடைய வீடு.

"ஆத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிறது நண்பரின் குரல்.

"அப்பயும் தள்ளித்தானப்பா நிக்கச் சொன்னாக" என்கிறார் அந்த அம்மா. கோபமில்லை. தகவல் சொல்கிற குரல். அப்புறம் சொல்கிறார்: "எங்க வீட்டத்தான் காட்டுனாக. சனமெல்லாம் பாத்துட்டு வந்து சொல்லுச்சு. ஆனா அதுல இது வேற யாரோ வீடாமுல்ல?"

இதைத்தான் அவர் வெட்டிவிட்டார். கேட்டதற்கு, "பிரேம் கெட்டுப்போச்சுண்ணே" என்றார். தொகுத்த படத்தில் இருப்பது ஆளில்லாத கதவு மட்டும். அட்டையோடு அச்சாகப் பொருந்துகிறது.

இந்த மாதிரிப் படைப்பு முயற்சிகளின் முழு அரசியலும் அந்த ஒரு வெட்டில் இருக்கிறது என்பேன். சினிமாவின் சட்டகத்தை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறவர், அது அன்றைக்கு யாரை விலக்கியதோ அவரையே இன்றைக்கும் விலக்க வேண்டியிருக்கிறது. வேறு வழி அந்த முறையில் இல்லை. புரொடக்‌ஷன் மேனேஜருக்காவது சம்பளம் கொடுத்தார்கள். இவர் கைக்காசைப் போட்டு, கடைக்கு லீவு விட்டு, அதே வேலையைச் செய்கிறார். எல்லாரும் தள்ளி நின்றுவிடுவதில்லை என்பதும் உண்மை. 'த்ரீ இடியட்ஸ்' (2009) எடுக்கப்பட்ட லடாக் பள்ளிக்கூடத்தில் ஒரு சுவரைப் பார்க்க ஜனம் குவிந்தது. பிள்ளைகளின் படிப்பு கெடுகிறதென்று பள்ளி நிர்வாகம் 2018-இல் சுற்றுலாக்காரர்களுக்குத் தடைபோட முடிவெடுத்தது. அடிவாரத்து அம்மாவுக்கு நிர்வாகக் குழு கிடையாது. வாசற்படியில் நின்று பேசுவது ஒன்றுதான் அவரிடம் உண்டு. அதையும் வெட்டியாயிற்று.

ஜப்பானில் கார்ட்டூன் படங்களின் ஊர்களைத் தேடிப் போகிறவர்கள் தங்கள் பயணத்தைப் புனிதத்தல யாத்திரை என்றே அழைக்கிறார்கள். அந்தச் சொல் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அவ்வளவு அந்நியமாக இல்லை. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாளே ஒரு வகையில் 'லொகேஷன் மாறிய' பெருமாள்தான். மதுரை அழகர்கோயிலின் அதே அழகர், அதே மண்டூக முனிவர் கதை. வைகைக்குப் பதில் குடகனாறு. சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் அங்கே வைகையில் இறங்கினால், இங்கே குடகனாற்றில் இறங்குகிறார். இடம் இன்னொரு இடமாக நடிப்பது தமிழ் நிலத்தில் சினிமாவோடு வந்த சமாச்சாரமல்ல. தென்காசி காசியாக நின்றது அப்படித்தான். தலபுராணம் என்ற இலக்கிய வகையே இந்த ஆள்மாறாட்டத்தை நியாயப்படுத்த எழுந்த கதையாடல்.

ஆனால் ஒரு வித்தியாசம். குடகனாற்றில் அழகர் இறங்குகையில் வைகையின் அட்டையை யாரும் கையில் பிடித்துப் பொருத்திப் பார்ப்பதில்லை. பொருந்தாது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் கழிவு இந்தச் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது கிணறு வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஆற்றில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம் அதிகம். தண்ணீர் இல்லையே என்று விழாவைத் தள்ளிப்போடுவதில்லை. மணலில் இறங்குவார். வைகை மாதிரி இல்லாததால் இது அழகர் இறங்குகிற ஆறு இல்லை என்று ஒரு ஆளும் சொன்னதில்லை. அங்கே இடத்தை நிரப்புவது ஜனம். ஜனம் விலகினால் இடமே இல்லை. கோயில் திருவிழாவைக் காட்டி சினிமாவை மட்டந்தட்டுகிற பழைய வேலையை நான் செய்யவில்லை. திருவிழாக்களுக்கும் தள்ளி நிற்கச் சொல்கிற வாய் உண்டு; அதை அடைக்க மதுரையில் 1939-இல் ஆலயப் பிரவேசமும் பிறகு 1947-இல் சட்டமும் தேவைப்பட்டன. சொல்ல வருவது இவ்வளவுதான்: நகலாக நிற்கும் இடத்துக்கு மூலத்தோடு பொருந்தியாக வேண்டிய கட்டாயம் இல்லை. பொருந்தாத இடத்தில்தான் அது தன் பேச்சைத் தொடங்குகிறது.

நண்பரோடு இதை இரண்டு மூன்று ராத்திரி பேசியாயிற்று. அந்த அம்மாவைச் சேர்த்துவிடுகிறேன் என்று சம்மதித்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்பதில்தான் தகராறு. "தள்ளித்தானப்பா நிக்கச் சொன்னாக" வரைக்கும் போதும், அதோடு வெட்டினால் நச்சென்று இருக்கும் என்கிறார் அவர். எடுத்தது இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. பேசி முடித்துவிட்டு அவர் உள்ளே போகிறார், கதவு காலியாகிறது, உள்ளே பாத்திரச் சத்தம், செம்பில் தண்ணீரோடு திரும்பி வந்து, "குடி தம்பி, வெயில்ல வந்திருக்க" என்று காமிராவைப் பார்த்தே நீட்டுகிறார். முழுசும் வர வேண்டும் என்பது என் கட்சி. அட்டையை அந்தக் கதவுக்கு முன்னால் பிடிக்கவே கூடாது என்பதும். அதற்கு அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.