நிகழும்போதே காண்கிறோமா? மின்வேதியியலில் வருடு ஊடுருவு நுண்ணோக்கி

மின்பகுளியில் மூழ்கிய மின்முனையில் நடக்கும் வினையை, நடக்கும்போதே அணு அணுவாகக் காட்டுவது வருடு ஊடுருவு நுண்ணோக்கி என்று அறிமுகக் கட்டுரைகள் எழுதுகின்றன. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை மாணவர்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

கெர்டு பின்னிக், ஹைன்ரிக் ரோரர் இருவரும் 1981-இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இக்கருவியை உருவாக்கினர். 1986-இல் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் சோனன்ஃபெல்டும் ஹான்ஸ்மாவும் நீருக்குள்ளேயே அணுக்களைப் படமெடுத்துக் காட்டினர். அது பெரிய சாதனை, ஐயமில்லை.

ஆனால் ஆய்முனை ஒரே பார்வையில் எதையும் பார்ப்பதில்லை. பரப்பை வரிவரியாக வருடுகிறது. சாதாரணக் கருவியில் ஒரு படம் முடியப் பல வினாடிகள், சில நேரம் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தவர்களுக்கு இது தெரியும்: கடைசி பெஞ்சுக்கு வரும்போது முதல் பெஞ்சுப் பையன் வெளியே போயிருப்பான், பதிவேட்டில் அவனும் இருப்பான். படத்தின் மேல்வரியும் கீழ்வரியும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. வேகமான கருவிகள் இன்று உண்டு என்றாலும், எலக்ட்ரான் இடம்மாறும் வேகத்தை அவையும் எட்டவில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆய்முனையே. அதுவும் உலோகம், அதன் மீதும் வினை நடக்கும். அந்த மின்னோட்டம், அளக்க வேண்டிய நானோஆம்பியர் அளவு ஊடுருவு மின்னோட்டத்தை மூழ்கடித்துவிடும். அதனால்தான் நுனியை மட்டும் விட்டு, மற்ற பகுதிக்கு மெழுகோ நகப்பூச்சோ பூசுகிறார்கள். (ஆம், கடையில் விற்கும் நகப்பூச்சேதான்!) அப்படியும் முனை அயனிகளின் வழியை மறைப்பதால், அதன் அடியில் உலோகம் படியும் வேகம் குறையலாம். 1997-இல் கோல்ப் குழுவினர் ஆய்முனையில் தாமிரத்தைப் படியவைத்து, அதைத் தங்கப் பரப்புக்கு மாற்றிச் சிறு திரள்களை வேண்டிய இடத்தில் அமைத்தனர். வேடிக்கை பார்க்க வந்தவர் குழம்பில் உப்பும் போடுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் பார்வையில் நேர்மையான முயற்சி, 2017-இல் மியூனிக்கில் பண்டரென்கா குழுவினர் செய்தது. வினை நடக்கும் இடத்தில் ஊடுருவு மின்னோட்டம் அதிகம் நடுங்கும். மற்றவர்கள் குறையென்று ஒதுக்கிய அந்த இரைச்சலையே அவர்கள் அளவுகோலாக்கி, பிளாட்டினப் பரப்பில் படி ஓரங்களுக்கு அருகே வினை மிகுவதைக் கண்டனர். அதுவும் வினை எங்கே மிகுகிறது என்றுதான் சொல்கிறது. அங்கே நிற்பது எந்த மூலக்கூறு என்று சொல்வதில்லை.