தூரத்துப் பச்சையும் பக்கத்துக் கடையும்

மலையகத்து வரலாற்று நாவல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று இளம் வாசகர்கள் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் குறிப்பிடுவது கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யைத்தான். “வரலாற்று நாவல் என்கிறீர்கள், ராஜா எங்கே, குதிரை எங்கே?” என்று கேட்பவர்களும் உண்டு. கல்கியும் சாண்டில்யனும் ஏற்படுத்திவிட்ட பழக்கம் அது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வரலாறு குதிரையில் வந்ததென்றால் அது துரையின் குதிரைதான். ஏனையோர் நடந்தே வந்தார்கள்.

நாவல் வெளிவந்தது 1964இல். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் மனிதர்களைப் பங்கு பிரித்தன. அந்தத் தொகைக்குள் அடங்கிப்போன ஒருத்தியின் வாழ்வாக வள்ளியின் கதையை வாசிக்கலாம். தமிழகத்துக் கிராமமொன்றிலிருந்து பிழைப்புத் தேடித் தேயிலை மலைக்கு வந்து, லயத்து அறைக்குள் தலைமுறை தலைமுறையாக முடங்கிப்போன வாழ்வு அது. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியின் பாதியை மட்டும் தலைப்பாக வைத்தார் ஆசிரியர். குளிர்ச்சியை விட்டுவிட்டார். 2006இல் அவரே ஆங்கிலத்தில் தந்தபோது அது ‘மிராஜ்’, அதாவது கானல் நீர், ஆயிற்று. எனக்குத் தமிழ்த் தலைப்பே பிடிக்கும். பக்கத்தில் போனாலும் தேயிலை பச்சையாகத்தானே இருக்கிறது? கொழுந்து பறிப்பவளுக்குத்தான் அதனால் பயனில்லை.

இந்நாவலில் எனக்குப் பெரிதாகப் படுவது, வரலாற்றைச் சம்பவமாகக் காட்டாமல் அன்றாடமாகக் காட்டுவது. பெரட்டு, கூடை, கங்காணியின் அதட்டல், தீராத கடன் என்று நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கடன்தான் தோட்டத்தின் உண்மையான வேலி என்பது வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ கங்காணியின் கையில் இருக்கும். அதைத் தீர்க்கிற தோட்டத்துக்கு ஆளும் போய்விடும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. கடன் ஒழியவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு குறை தட்டுப்படுகிறது. நாவலின் மீதல்ல, நம்மவர் மீது. துண்டு போன பிறகு அந்தக் கடன் எங்கே போனது? பெரும்பங்கு கடைவீதிக்கு வந்தது. ஹட்டனில் எங்கள் குடும்பத்துக் கடையிலும் பற்றுக் கொப்பி இருந்தது. “நானா, ரெண்டு கொத்து அரிசி குடுங்க, சம்பளத்துக்குத் தாரேன்” என்ற குரலைக் கேட்டே வளர்ந்தேன். நான் வாசித்த மலையக நாவல்களில் அந்த நானா ஒரு தராசோடு வருவார், ஒரு பக்கத்தில் மறைந்துவிடுவார். அவருக்கு வீடில்லை, பயமில்லை, மனச்சாட்சியும் இல்லை. 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது அவர் என்ன செய்தார்? மா மூட்டையைப் பதுக்கினாரா, கொப்பியில் எழுதிக்கொண்டு அள்ளிக் கொடுத்தாரா? ஒரே கடையில் இரண்டும் நடந்திருக்கலாம். அதை எழுத நாவலாசிரியன்தான் வேண்டும். நல்லவனாகவே காட்டும் சமூகப் பெருமைக் கதை எனக்கு வேண்டாம்.

நமது முன்னோடியையே பாருங்கள். 1838இல் கண்டியில் பிறந்த சித்தி லெப்பை 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார், இலங்கையின் முதல் தமிழ் நாவல். கோப்பிச் செடி நோயில் அழிந்து, தேயிலை மலையேறிக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய கதையோ மிஸ்ருக்குப் போய்விட்டது. குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைய வாசகனுக்கு மிஸ்ரு வேண்டியிருந்தது. ஆனால் அதன் பிறகாவது யாராவது திரும்பி வந்தார்களா?

கோப்பிக் காலத்துக்கு மாத்தளை சோமுவின் ‘கண்டிச் சீமை’, மு. சிவலிங்கத்தின் ‘பஞ்சம் பிழைக்க வந்த சீமை’ ஆகியவற்றை வைத்திருக்கிறேன். அல் அஸூமத்தின் ‘அறுவடைக் கனவுக’ளும் என் அலுமாரியில் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு ‘எரியும் பனிக்காடு’ இருக்கிறது. வால்பாறையை வாசிக்கிறவனுக்குத் தலவாக்கலை தானாகத் தெரியும். ஆகவே இவற்றை மீண்டும் சிபாரிசு செய்ய வேண்டாம்.

நான் தேடுவது வேறு. தோட்டக் கடை, அதன் பின்னறை, பற்றுக் கொப்பி, ஒப்பந்தத்தின்படி ரயிலேறிப் போனவர்களின் தீர்க்கப்படாத கணக்கு, இவற்றைத் தொட்ட நாவலோ குறுநாவலோ வாசக அன்பர்கள் வாசித்திருந்தால் பெயரையும் பிரதி கிடைக்கும் இடத்தையும் ஆசிரியருக்கு எழுதுங்கள். பத்திரிகைத் தொடராக வந்து நூலாகாமல் போனவையும் ஆகும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து வீட்டு அலுமாரிகளில் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தாலும் சரி, பஸ் ஏறி வந்து வாசிக்கத் தயாராக இருக்கிறேன்.